பிள்ளை ஓடும்போது கொழுப்பு எப்படி எரிகிறது? யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருடம் சித்திரை மாதத்தில் ஒருநாள், எங்கள் ஊர் சனசமூக நிலையத்து மைதானத்தில் பத்து வயதுப் பெடியன் ஒருவன் தனியாகச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். அம்மா வேப்பமர நிழலில் ஸ்கூட்டியில் இருந்தபடி சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நாலு மணிகூட ஆகவில்லை. வெயில் நெருப்பாகக் கொட்டியது. அம்மாவைக் கடக்கும்போதெல்லாம் அவன் கேட்டது ஒரே கேள்விதான்: "இன்னும் எத்தினை?"

"அண்ணை, இவனுக்கு வண்டி வைச்சிட்டுது," என்றார் அம்மா. "வேகமா நடந்தாத்தான் கொழுப்பு எரியுமாம், ஓடினா எரியாதாம். வீடியோவில பாத்தனான். வெறும் வயித்தில நடந்தா இன்னும் நல்லதாம், அதான் மத்தியானச் சாப்பாடும் குடுக்கேல்லை."

மைதானத்தின் மற்றப் பக்கத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் கிளித்தட்டுக்குக் கோடு கீறிக்கொண்டிருந்தார்கள். பெடியனின் கண் முழுக்க அங்கேதான்.

அந்த வீடியோ முழுப் பொய்யும் சொல்லவில்லை. வளர்ந்தவர்களின் உடம்புக்குப் பொருந்தும் அரை உண்மையைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டியதுதான் பிழை. கொழுப்பை எரிப்பதில் பிள்ளையின் உடம்பு அப்பா அம்மாவின் உடம்பை விடக் கெட்டித்தனமானது. அது எரிக்கும் நேரத்தில் நாம் இடையில் புகுந்து கெடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. எப்படிக் கெடுக்கிறோம், எப்படி வழிவிடலாம் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. பின்னேரங்களில் ஊர்ப் பிள்ளைகளை ஓட விடுகிறவன். இவர்களுக்கு ஏன் களைப்பதேயில்லை என்ற கேள்வியோடு வாசிக்கப் போனவன்.

படி 1: அடுப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

தசைக்கு இரண்டு வகை விறகு. மாப்பொருள் காவோலை மாதிரி: பற்ற வைத்தவுடன் குபீரென்று எரியும், கெதியில் அடங்கும். கொழுப்பு ஊமல் மாதிரி: பற்ற நேரமெடுக்கும், பற்றினால் நின்று எரியும். எந்த நேரமும் இரண்டும் சேர்ந்துதான் எரிகின்றன, பங்குதான் மாறுகிறது. ஆறுதலாக நடக்கும்போது ஊமல் பக்கம் கூட. உயிரைக் கொடுத்து ஓடும்போது அநேகமாகக் காவோலைதான்.

ஓட்டம் தொடங்கியதும் இரத்தத்தில் அட்ரினலின் கூடுகிறது. அது கொழுப்புக் கலங்களுக்குப் போய், உள்ளே பூட்டிக் கிடக்கும் கொழுப்பை உடைக்கச் சொல்கிறது. ஒரு மூலக்கூறு உடைந்தால் மூன்று கொழுப்பமிலமும் ஒரு கிளிசரோலும் வெளிவரும். கொழுப்பமிலம் தண்ணீரில் கரையாது, ஆகவே இரத்தத்தில் தனியாகப் பயணம் போக முடியாது. அல்புமின் என்ற புரதத்தில் தொற்றிக்கொண்டு தசைக்குப் போய்ச் சேரும். தசைக் கலத்துக்குள் இழைமணி என்ற சின்னஞ்சிறு அடுப்புகள் இருக்கின்றன. கார்னிட்டின் என்ற பொருள் கைபிடித்துக் கூட்டிப்போனால்தான் கொழுப்பமிலம் அந்த அடுப்புக்குள் நுழையும். உள்ளே அது இரண்டிரண்டு காபன் அணுக்களாக வெட்டப்பட்டு, ஒட்சிசனோடு சேர்ந்து எரிகிறது. ஒட்சிசன் போதாவிட்டால் கொழுப்பு எரியாது. மூச்சு முட்ட ஓடும்போது கொழுப்பின் பங்கு குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எரிந்தது எங்கே போகிறது? வியர்வையில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2014இல் அவுஸ்திரேலியாவில் இருவர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முற்றாக எரிந்தால் 8.4 கிலோ காபனீரொட்சைட்டாக மூச்சோடு வெளியே போகும், மிச்சம் 1.6 கிலோ தண்ணீராகும். பெரும்பங்கு போவது மூக்காலும் வாயாலும்தான். மழைக்கோட்டுப் போட்டு வேர்க்க வேர்க்க ஓட விட்டால் தண்ணீர்தான் போகும், இரண்டு செம்பு குடித்ததும் திரும்பி வந்துவிடும். யாழ்ப்பாணத்து வெயிலில் பிள்ளைக்கு அப்படிச் செய்வது ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன், செய்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

இன்னொரு ஆளையும் தெரிந்துவைத்திருங்கள்: இன்சுலின். சீனி உள்ளே போனதும் இன்சுலின் கூடும். கூடினால் கொழுப்புக் கலங்களின் கதவு சாத்தப்படும். ஐந்தாம் படியில் இவர் திரும்ப வருவார்.

வயிற்றுக் கொழுப்பைக் கரைக்க வயிற்றுப் பயிற்சி என்பதும் நடக்காத காரியம். எந்தத் தசை வேலை செய்தாலும் கொழுப்பு உடம்பெங்கும் இருந்து இரத்தம் வழியாகத்தான் வருகிறது. எங்கே முதலில் குறையும் என்பதை உடம்புதான் தீர்மானிக்கும்.

படி 2: பிள்ளையின் அடுப்பு வேறு என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்

1970களில் சுவீடனில் 11 முதல் 13 வயதுப் பையன்கள் சிலரின் தொடைத் தசையில் ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். இன்றைக்கு அப்படிச் செய்ய எளிதில் அனுமதி கிடைக்காது. தசையில் சேமித்து வைத்திருக்கும் மாப்பொருள், அதாவது கிளைக்கோசன், வளர்ந்தவர்களை விடக் குறைவாக இருந்தது. மாப்பொருளை வேகமாக உடைக்கும் முக்கிய நொதியத்தின் வேலையும் குறைவு. கடுமையாக இயங்கிய பிறகு, மாப்பொருள் அவசரமாக உடையும்போது சேரும் இலத்திக்கமிலமும் குறைவாகவே சேர்ந்தது. பிள்ளையிடம் காவோலைக் கட்டும் சின்னது, அதைக் கொளுத்தும் நெருப்புக்குச்சியும் சின்னது. அதனால் அதே அளவு சிரமத்தில் அது கொழுப்பின் பக்கம் கூடுதலாகச் சாய்கிறது.

2008இல் கனடாவில் இருந்து வெளிவந்த ஆய்வு ஒன்றில் வேறு சில பையன்களைப் பருவமடையும் வருடங்கள் முழுவதும் பின்தொடர்ந்து அளந்தார்கள். சின்ன வயதில், தங்கள் உச்சத் திறனின் சுமார் 55 சதவீதத்தில் இயங்கும்போதுதான் கொழுப்பு மிக வேகமாக எரிந்தது. வளர வளர அந்தப் புள்ளி கீழே இறங்கியது. ஒப்பிட்டுப் பார்த்த வளர்ந்த ஆண்களில் அது சுமார் 30 சதவீதத்தில் நின்றது. உடம்பு நிறைக்குக் கணக்கிட்டாலும் சிறுவர்கள் எரித்த அளவுதான் கூட.

அப்பாவுக்கு 30 சதவீதம் என்றால் அது சாதாரண நடை. பிள்ளைக்கு 55 என்பது துள்ளி ஓடி விளையாடும் வேகம். "நடந்தாத்தான் எரியும்" என்ற வீடியோ எங்கே பிழைத்தது என்று இப்போது விளங்கும்.

களைக்காத கதைக்கும் பதில் இருக்கிறது. 2018இல் பிரான்சில் 8 முதல் 12 வயதுச் சிறுவர்களையும், பயிற்சியில்லாத ஆண்களையும், தேசிய மட்டத்து நெடுந்தூர வீரர்களையும் சைக்கிளில் ஏற்றி மிதிக்க விட்டுப் பார்த்தார்கள். களைப்பைத் தாங்குவதில் சிறுவர்கள் வீரர்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். இதயத் துடிப்பும் இலத்திக்கமிலமும் பழைய நிலைக்குத் திரும்பிய வேகத்திலும் அவர்கள் சளைக்கவில்லை. பயிற்சி எதுவும் இல்லாமல்! மைதானத்தில் கீழே விழுந்து கிடந்து "ஏலாது" என்று சொல்லும் பிள்ளை இரண்டு நிமிடத்தில் எழும்பி ஓடுவது நடிப்பில்லை.

வளர்ந்தவர்களுக்கான "220இல் இருந்து வயதைக் கழி" என்ற இதயத் துடிப்புக் கணக்கையும் பிள்ளைக்குப் போடாதீர்கள். 7 வயதானாலும் 14 வயதானாலும் உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 200தான். கைக்கடிகாரம் சிவப்புக் காட்டுகிறது என்று விளையாட்டை நிறுத்தின அப்பா ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

படி 3: பிள்ளைக்கு உண்மையில் நிறை கூடவா என்று பாருங்கள்

கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பெரியவர்களின் உடற்திணிவுச் சுட்டி (BMI: கிலோவில் நிறையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது) அட்டவணையும் பிள்ளைக்குச் செல்லாது, வயதுக்கும் ஆண் பெண் பாலுக்கும் உரிய வளர்ச்சிக் கோடுதான் வேண்டும். சின்னப் பிள்ளையென்றால் பிறந்ததும் தந்த சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் கோடுகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்து மருத்துவப் பரிசோதனையிலும் உயரமும் நிறையும் எடுப்பார்கள். சந்தேகமென்றால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். தெற்காசியப் பிள்ளைகளுக்கு அதே சுட்டியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளை விடக் கொழுப்பு கூடுதலாக இருக்கும் என்பதும் தெரிந்ததே. மெல்லிய கை கால், முன்தள்ளிய வயிறு. எங்கள் வீடுகளில் பழகின உருவம்தான்.

பிள்ளையின் நிறையைக் குறைப்பது அநேகமாக நோக்கமாகவே இருக்கக்கூடாது. 9 வயதுப் பையன், 133 சென்ரிமீற்றர், 36 கிலோ என்று வையுங்கள். சுட்டி 20.4. மிகை நிறைதான். இரண்டு வருடத்தில் 145 சென்ரிமீற்றருக்கு வளர்ந்து 40 கிலோவில் நின்றால் சுட்டி 19.0. ஒரு கிலோவும் குறையவில்லை, நாலு கிலோ கூடித்தான் இருக்கிறது, ஆனால் வயதுக்குரிய சாதாரண எல்லைக்குள் வந்துவிட்டான். உயரம் உங்களுக்காக வேலை செய்கிறது. பட்டினி போட்டால் அந்த உயரத்தைத்தான் கெடுப்பீர்கள்.

கழுத்தின் பின்பக்கமும் கமக்கட்டும் தேய்த்தாலும் போகாத கறுப்பாக, வெல்வெட் மாதிரித் தடித்திருந்தால் அது ஊத்தை இல்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். நித்திரையில் பலத்த குறட்டை, அடிக்கடி தண்ணீர்த் தாகமும் சிறுநீரும், ஓடும்போது நெஞ்சு நோ, மயக்கம், இழுப்பு: இவற்றில் ஏதும் இருந்தால் முதலில் வைத்தியரிடம், பிறகு மைதானம்.

படி 4: விளையாட்டை அமையுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1995இல் அமெரிக்காவில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகள் இயல்பாக எப்படி அசைகிறார்கள் என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை குறித்துப் பார்த்தார்கள். கடுமையான அசைவு ஒன்றின் நீளம் பெரும்பாலும் 3 விநாடிதான். மெதுவான அசைவு 6 விநாடி. தொடர்ந்து பத்து நிமிடம் கடுமையாக இயங்கிய பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஓடும், நிற்கும், திரும்பும், குந்தும், மறுபடி ஓடும். பிள்ளையின் இயல்பான தாளம் அது. அதைச் சுற்றுப்பாதையில் நாற்பது நிமிடம் நடக்க விட்டால் கால் நோவதற்கு முன் மனம் நொந்துவிடும்.

இனி கிளித்தட்டைப் பாருங்கள். தாச்சி மறித்தல் என்றும் சொல்வார்கள். நிலத்தில் நீளக் கோடு, குறுக்குக் கோடுகள், கோட்டுக்கு ஒருவர் மறிப்பு. நடுக்கோடு முழுக்க ஓடுகிற உரிமை 'கிளி' எனப்படும் மறிப்பாளருக்கு. உள்ளே நிற்பவன் நாலைந்து விநாடி இடமும் வலமும் ஆடிக்காட்டி, மறிப்பவன் ஒரு பக்கம் சாய்ந்த கணத்தில் மற்றப் பக்கத்தால் பாய்கிறான். பாய்ச்சலுக்கு மூன்று விநாடி. அடுத்த பெட்டியில் மூச்சு வாங்குகிறான். அந்த அமெரிக்க அட்டவணையை வைத்துக்கொண்டு யாரோ உருவாக்கின விளையாட்டு மாதிரி இருக்கும்! பாய்ச்சலில் மாப்பொருள் எரிகிறது, மூச்சு வாங்கும் இடைவெளியில் கொழுப்பு அடுப்பும் வேலை செய்து கடனை அடைக்கிறது.

சரி, எவ்வளவு எரியும்? தோராயக் கணக்கு ஒன்று. 30 கிலோப் பிள்ளை ஒரு மணிநேரம் நன்றாக விளையாடினால் ஏறக்குறைய 200 கலோரி செலவாகும். அதில் பாதி கொழுப்பிலிருந்து வந்தால் 100 கலோரி. ஒரு கிராமுக்கு 9 கலோரி, ஆக 11 கிராம் கொழுப்பு. இரண்டு தேக்கரண்டி எண்ணெய்க்குச் சற்றுக் கூட. ஏமாற்றமாக இருக்கிறதா? வருடத்தில் 300 நாள் விளையாடினால் 3.3 கிலோ. அதே பிள்ளை அதே நேரம் ஆறுதலாக நடந்தால் கொழுப்பின் சதவீதம் கூடலாம், 60 என்றே வைப்போம். ஆனால் மொத்தச் செலவு 120 கலோரி அளவில்தான் இருக்கும், அதில் கொழுப்பின் பங்கு 72. சதவீதத்தைப் பார்த்து மொத்தத்தைக் கோட்டை விட்ட கதை இதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு: 5 முதல் 17 வயதுவரை, நாளுக்குச் சராசரி 60 நிமிடம் நடுத்தரம் முதல் கடுமை வரையான அசைவு. அதோடு வாரம் மூன்று நாளாவது கடுமையானதும், தசைக்கும் எலும்புக்கும் வலுத் தருவதும். அந்த அறுபது நிமிடம் ஒரே தடவையில் வரவேண்டும் என்று சட்டமில்லை.

எங்கள் மைதானத்தில் ஒரு மணிநேரம் இப்படிப் போகும். முதல் பத்து நிமிடம் ஓடிப்பிடித்து, யார் வந்தாலும் சேரலாம். பிறகு இருபத்தைந்து நிமிடம் கிளித்தட்டு. தண்ணீருக்கு ஐந்து நிமிடம். பிறகு அஞ்சல் ஓட்டம், 30 மீற்றருக்கு மேல் இல்லை, ஒருவர் ஓட மூன்று பேர் நிற்பார்கள், அந்த ஓய்வு வேண்டும். கடைசிப் பதினைந்து நிமிடம் கயிறடித்தல், கெந்தல், கயிறிழுத்தல். வீட்டிலென்றால் கப்பிக் கிணற்றில் பத்து வாளி தண்ணீர் அள்ளுவது தோளுக்கும் முதுகுக்கும் அருமையான வேலை, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க.

வேகம் சரியா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் நடுத்தரம். இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் கடுமை. விளையாட்டு முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில் ஏறி இறங்கினால் அதுதான் நாம் தேடுவது. கத்திச் சண்டை பிடிக்கிறார்கள் என்றால் மூச்சு மிச்சமிருக்கிறது, இன்னும் ஓட விடலாம்.

நிறை கூடின பிள்ளையை அஞ்சல் ஓட்டத்தில் கடைசி ஆளாக விடவேண்டாம். எல்லாரும் பார்க்கத் தனியே ஓடித் தோற்ற பிள்ளை அடுத்த நாள் வராது. கிளித்தட்டில் மறிக்க விடுங்கள், கயிறிழுத்தலில் பின்னால் நங்கூரமாக நிறுத்துங்கள். அவன் இல்லாமல் அணி வெல்லாது என்ற நிலை வந்தால் நீங்கள் கூப்பிடத் தேவையில்லை.

மைதானம் தூரமென்றால் சைக்கிள். சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் விடியக்காலை பண்ணை வீதியால் மண்டைதீவுப் பக்கம் பிள்ளையோடு மிதித்துப் பாருங்கள். மலையில்லாத ஊரில் எதிர்க்காற்றுத்தான் எங்களுக்கு ஏற்றம். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். பஸ் வரும் வீதி, ஆகவே பிள்ளையை இடப்பக்கம் விட்டு நீங்கள் வெளிப்பக்கம்.

ரியூசனைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த வழிகாட்டி பொய். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுகிறது, இரண்டரைக்கு ஒரு வகுப்பு, நாலரைக்கு இன்னொன்று, சனி ஞாயிறும் அதே. புலமைப்பரிசில் வருடமென்றால் சொல்லவே வேண்டாம். ஒரு வகுப்பையாவது வெட்டச் சொல்லித்தான் நான் எப்போதும் சொல்வேன், யாரும் கேட்பதில்லை. முடியாதென்றால் வகுப்புக்குச் சைக்கிளில் அனுப்புங்கள், போக பதினைந்து வர பதினைந்து, அரை மணிநேரம் கையில்.

படி 5: குடிப்பதையும் தின்பதையும் சரிசெய்யுங்கள்

இல்ல விளையாட்டுப் போட்டி நாளில் கூடாரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் குளுக்கோஸ் மா, நாக்கு வெள்ளை. பக்கத்தில் வெட்டின தோடம்பழம். ஒரு நாள் போட்டிக்கு இது குற்றமில்லை. தினசரி விளையாட்டுக்கும் இதையே பழக்கினால்தான் வில்லங்கம். விளையாடும்போது குடித்த சீனியைப் பிள்ளையின் உடம்பு வெகு விரைவாக எடுத்து எரிக்கும், இந்த விஷயத்தில் பெரியவர்களையே முந்தும். வெளியிலிருந்து வந்த சீனி எரியும்போது உள்ளே இருக்கும் கொழுப்பு காத்திருக்கும். இன்சுலின் கதவைச் சாத்துகிறது என்று சொன்னேனே, இதுதான்.

100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி உள்ள சோடாவில் 400 மில்லிலீற்றர் போத்தல் என்றால் 40 கிராம், அதாவது 160 கலோரி. ஒரு மணிநேர விளையாட்டின் பெரும்பகுதியை ஐந்து நிமிடத்தில் குடித்து முடிக்கலாம். 2016 முதல் இலங்கையில் குளிர்பானப் போத்தல்களில் சீனி அளவுக்குச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டம் போடுகிறார்கள். பிள்ளைக்கே பார்க்கப் பழக்குங்கள், அவர்களுக்கு அது விளையாட்டு.

ஒரு மணிநேரத்துக்குத் தண்ணீர் போதும். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருதரம் சில மிடறு, தாகம் வரும்வரை பார்த்திருக்காமல். விளையாடி முடிந்து வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட மோர், அல்லது இளநீர்.

வெறும் வயிற்றோடு ஓட விடுவதை அடியோடு மறந்துவிடுங்கள். பிள்ளையின் மாப்பொருள் இருப்பு சின்னது என்று பார்த்தோம். அது இறங்கினால் தலைச்சுற்று, நடுக்கம், எரிச்சல், அப்புறம் வீட்டுக்கு வந்து இரண்டு மடங்கு சாப்பாடு. மத்தியானம் சோறு சாப்பிட்டிருந்தால் பின்னேர விளையாட்டுக்கு அதுவே போதும். இடைவெளி நீளமென்றால் அரை மணிநேரம் முன்னதாக ஒரு வாழைப்பழம். விளையாடிய பிறகு ஒரு கைப்பிடி அவித்த கடலை அல்லது கச்சான், இல்லாவிட்டால் முட்டை ஒன்று. சந்தியில் நின்று றோல்ஸ் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போகும் அப்பாமாரை நான் குறை சொல்வதில்லை, எனக்கும் பிடிக்கும். ஒவ்வொரு நாளும் வேண்டாம், அவ்வளவுதான்.

படி 6: வெயிலை மதியுங்கள்

பிள்ளையின் உடம்பில் நிறைக்குக் கணக்கிட்டால் தோல் பரப்பு கூட. காற்று தோலை விடச் சூடாகிவிட்டால் அந்தப் பரப்பு வழியே வெளிச்சூடு உள்ளே வரும். வியர்ப்பதும் பெரியவர்களை விடக் குறைவு. பங்குனியிலிருந்து ஆவணிவரை காலை ஏழரைக்கு முன், பின்னேரம் நாலே முக்காலுக்குப் பின். இடையில் கடும் விளையாட்டு இல்லை. பிள்ளை வேர்ப்பதை நிறுத்தினால், கதை தடுமாறினால், வாந்தி எடுத்தால் உடனே நிழலில் கிடத்தித் தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நான் சொன்ன அந்தப் பெடியனை முதலில் மர நிழலுக்குக் கூப்பிட்டது இதற்காகத்தான்.

படி 7: பெண்பிள்ளைகளை வீட்டில் இருத்தாதீர்கள்

பதினொரு பன்னிரண்டு வயதில் எங்கள் மைதானத்தில் இருந்து பெட்டைப்பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். சாமத்தியவீடு முடிந்த கையோடு சைக்கிளும் நிற்கும், விளையாட்டும் நிற்கும். பருவமடையும்போது பெண்பிள்ளையின் உடம்பில் கொழுப்புக் கூடுவது இயற்கை, எலும்புக்கும் மாதவிடாய்க்கும் அது தேவை. அதைப் பார்த்துப் பதறிச் சோற்றைக் குறைப்பவர்கள், அதே மூச்சில் விளையாட்டையும் நிறுத்துகிறார்கள். கொழுப்பு எரிக்கும் திறன் பருவத்தோடு இறங்கத் தொடங்கும் நேரத்தில்தான் அசைவும் நிற்கிறது. வலைப்பந்தாட்டமோ எல்லேயோ எதுவென்றாலும் சரி, பள்ளிக்கூடத்து அணியில் பெயர் கொடுக்க விடுங்கள். மைதானத்தில் அம்மாமார் நாலு பேர் வந்து நின்றாலே பாதிப் பயம் போய்விடுகிறது. போன வருடம் இரண்டு அம்மாமார் கோட்டுக்குள் இறங்கி மறித்தார்கள், அவர்களைத் தாண்ட யாராலும் முடியவில்லை.

படி 8: அளப்பதைக் குறையுங்கள்

தராசு மூன்று மாதத்துக்கு ஒருதரம் போதும், உயரத்தோடு சேர்த்து. இடையில் வேறு அடையாளங்களைப் பாருங்கள். போன மாதம் இரண்டு ஆட்டத்தோடு களைத்து இருந்துவிட்டவன் இப்போது நாலு ஆடுகிறானா, மாடிப்படி ஏறி வந்து உடனே கதைக்கிறானா, பள்ளிக்கூடக் காற்சட்டை இடுப்பில் எப்படி நிற்கிறது. 6 முதல் 12 வயதுக்கு இரவு 9 மணிநேரத்துக்குக் குறையாத நித்திரை வேண்டும், குறைந்தால் அடுத்த நாள் பசி கூடும், ஓட மனம் வராது. போன் படுக்கைக்கு வரக்கூடாது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை, செய்வதுதான் கஷ்டம்.

படி 9: மாரிக்கும் மரதனுக்கும் தயாராகுங்கள்

ஐப்பசி பிறந்தால் மைதானம் குளம். கார்த்திகை, மார்கழியில் விறாந்தைதான். கயிறடித்தல் முப்பது விநாடி, ஓய்வு முப்பது, பத்துத் தடவை. பாட்டுப் போட்டு ஆட விடுங்கள், படியில் ஏறி இறங்க விடுங்கள். மழை விட்ட இடைவெளியில் ஒழுங்கையில் சைக்கிள்.

மழை விட்டு நிலம் காய, பள்ளிக்கூடங்களில் மரதன் ஓட்டம் வரும். மாரி முழுக்க இருந்துவிட்டு அன்றைக்கு ஐந்து கிலோமீற்றர் ஓடினால் வாந்திதான் மிச்சம். மூன்று வாரம் முன்னரே தொடங்குங்கள். முதல் வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள், இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஆறு தடவை. இரண்டாம் வாரம் நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஐந்து தடவை. மூன்றாம் வாரம் இருபது நிமிடம் கதைத்துக்கொண்டே ஓடும் வேகத்தில் ஒருமுறை, கடைசி மூன்று நாள் வெறும் விளையாட்டு. பெரும்பாலான பிள்ளைகள் கெடுவது முதல் ஐந்நூறு மீற்றரில். கூட்டத்தோடு பாய்ந்து காவோலையை ஒரேயடியாகக் கொளுத்திவிடுவார்கள். "முதல் சந்திவரைக்கும் பக்கத்தில ஓடுறவனோட கதைச்சுக்கொண்டு போ" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். கொழுப்பு அடுப்பு பற்றுவதற்கு அந்த நேரம் போதும்.

ஓட்டத்தன்று இரண்டு மணிநேரம் முன்னதாக இடியப்பமும் சொதியும், அல்லது பாணும் வாழைப்பழமும். புது சப்பாத்து வேண்டாம், பழகினதைப் போட விடுங்கள். குளுக்கோஸ் பைக்கற்றை வீட்டில் வையுங்கள். தோடம்பழத்தை நாலாக வெட்டி, ஓட்டம் முடியும் இடத்தில் போய் நில்லுங்கள்.